கூவினால் வருமா காட்டுக்கோழி? ஏற்காட்டில் துப்பாக்கி இல்லாத ஒரு வேட்டை!

காட்டு வழி | வாரத் தொடர்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டில் தங்குபவர்களில் பலர், விடியற்காலையில் ஒரு குரலைக் கேட்டுக் குழம்பிப்போவார்கள். சேவல் கூவுவது மாதிரியே இருக்கும். ஆனால், வீட்டுச் சேவல்போல கடைசியில் நீட்டி இழுக்காது. 'குக்... காயா... காயா... குக்' என்று வெட்டி நிறுத்திவிடும். காபித் தோட்டத்துக்குள்ளிருந்து ஒன்று கூவும். சில நொடிகளில் எதிர்ச்சரிவிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும்.

அதுதான் சாம்பல் காட்டுக்கோழி. கோடை மழை தொட்டு காபிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூக்கும் நாட்கள், இந்தப் பறவை ஜோடி தேடும் நாட்களும்கூட. பிப்ரவரியில் தொடங்கி மே வரை இனப்பெருக்கம் மும்முரமாக நடக்கும். சேர்வராயன் மலைக்குச் சுற்றுலாக் கூட்டம் ஏறுவதும் இதே நேரத்தில்தான்.

இதே வாரங்களில் பூமியின் மறுபக்கம் இன்னொரு காட்சி நடக்கிறது. அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் இருட்டோடு எழுந்து, தலை முதல் கால் வரை இலை நிற உடை போட்டு, மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர்கள் காத்திருப்பது காட்டு வான்கோழிக்காக. நம் காட்டுக்கோழியும் அவர்களுடைய வான்கோழியும் ஒரே பறவைக் குடும்பம்தான். இரண்டுமே வசந்தத்தில் கூவும், இரண்டுமே கூவியே மாட்டிக்கொள்ளும்.

அங்கே அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட வேட்டை. இங்கே அதைச் செய்தால் ஜெயில். ஆனால், அந்த வேட்டையில் அப்படி என்னதான் 'த்ரில்' இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், ஏற்காட்டில் ஒரு விடியற்காலையை நாம் அணுகும் விதமே மாறிவிடும்.

கூப்பிட்டால் வரும் பறவை

மயிலைப் பார்த்துத் தானும் ஆடியதாக நம் ஊரில் காலங்காலமாகக் கிண்டலுக்கு ஆளான பறவை வான்கோழி. ஆனால் காட்டில் அதைச் சந்தித்தவர்கள் யாரும் அதை முட்டாள் என்று சொல்வதில்லை. பார்வை அவ்வளவு கூர்மை. நிறம் தெரியும், சிறு அசைவும் தெரியும். ஒரு விரல் நகர்ந்தால் போதும், பறந்துவிடும். வான்கோழிக்கு மோப்ப சக்தியும் இருந்திருந்தால் ஒருவராலும் அதை வேட்டையாட முடியாது என்பது அங்குள்ள வேட்டைக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது.

துரத்திப் பிடிக்க முடியாது. ஆகவே கூப்பிடுகிறார்கள்.

இரவில் வான்கோழி மரக்கிளையில்தான் தூங்கும். விடிவதற்குச் சற்று முன்பு, ஆண் பறவை கிளையிலிருந்தபடியே 'கொப கொப கொப' என்று பெருங்குரல் எழுப்பும். 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பெட்டைகளுக்குச் சொல்லும் அறிவிப்பு அது. அந்தக் குரலை வைத்து அது எந்த மரத்தில் இருக்கிறது என்று கணித்து, சத்தமில்லாமல் ஓரளவு கிட்டே போய் உட்கார வேண்டும். பிறகு பெட்டையின் குரலைக் கொடுக்க வேண்டும். அதற்கென்றே கருவிகள் உண்டு. மூடியைத் தேய்த்தால் பெட்டைபோலக் கத்தும் சிறு மரப்பெட்டி, குச்சியால் உரசும் பலகைக் கல், வாய்க்குள் அடக்கி ஊதும் மெல்லிய ரப்பர் தகடு.

இங்கேதான் சிக்கல். இயற்கையில் ஆண் கூப்பிட்டால் பெட்டைதான் தேடிப் போகும். வேட்டைக்காரர் அதைத் தலைகீழாக மாற்றப் பார்க்கிறார், பெட்டை இருக்கும் இடத்துக்கு ஆண் வர வேண்டும் என்கிறார். ஆணுக்கு அது விசித்திரமாகப் படும். பாதித் தூரம் வந்து நின்றுவிடும். 'ஏன் அவள் வரவில்லை?' என்று காத்திருக்கும். அதிகம் கூப்பிட்டால் சந்தேகம் வரும். கூப்பிடாமலே இருந்தால் வேறு பெட்டையோடு போய்விடும். எப்போது குரல் கொடுப்பது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்பதில்தான் அனுபவம் பேசும்.

எல்லாம் சரியாக அமைந்தால், ஒரு கட்டத்தில் பதில் குரல் நெருங்கும். பிறகு குரல் நின்றுபோகும். காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு புதருக்குப் பின்னால் விசிறிபோல விரிந்த வால். சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக நிறம் மாறும் தலை. வேட்டைக்காரரின் இதயம் துடிப்பது அவருக்கே கேட்கும். மூச்சுவிடவும் பயம். பறவை முப்பது, நாற்பது மீட்டருக்குள் வந்தால்தான் சுட முடியும்.

வசந்தகால வேட்டையில் பெரும்பாலும் ஆண் பறவையை மட்டுமே சுடலாம். ஒருவர் எத்தனை சுடலாம் என்பதற்கும் ஒவ்வொரு மாநிலமும் வரம்பு வைத்திருக்கிறது. பல நாட்கள் உட்கார்ந்தும் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் ஏராளம். ஆனாலும் மறுநாளும் போகிறார்கள். காரணம் கறி மட்டுமல்ல. மனிதனைக் கண்டாலே மறையும் ஒரு காட்டுப் பறவை, தன் குரலுக்குப் பதில் சொல்லி, தானாகவே நடந்து வருகிறது. அந்தப் பதிலுக்குத்தான் இத்தனை அலைச்சலும்.

நம் ஊரில் இதன் பெயர் 'பார்வை'

குரல் கொடுத்து வரவழைப்பது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்து, அதன் கூவலைக் கேட்டுச் சண்டைக்கு வரும் காட்டுக் கௌதாரியைக் கண்ணியில் சிக்கவைப்பது நம் கிராமங்களில் நெடுங்காலம் இருந்த முறை. தன் இனத்தையே வரவழைத்து மாட்டிவிடப் பழக்கிய விலங்குக்கும் பறவைக்கும் தமிழில் 'பார்வை' என்று பெயர். சங்க இலக்கியத்திலேயே இந்தச் சொல் வருகிறது. அவ்வளவு பழைய தொழில்நுட்பம்.

பழைய சேலம் மாவட்டத்தில் இதே வித்தையால் ஒரு புலியே மாட்டியது. பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் (1910-1974) அந்தக் கதையை 1954-ல் வெளியான தன் முதல் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இடம் ஜவளகிரி. இன்று கிருஷ்ணகிரி மாவட்டம், அன்று அது சேலம் மாவட்டம்.

ஒரு பெண் புலியின் ஜோடியை யாரோ சுட்டுவிடுகிறார்கள். ஜோடியைத் தேடி அது இரவெல்லாம் குரல் கொடுத்துத் திரிகிறது. அதன் மீதும் குண்டு பாய்கிறது. காயத்தோடு தப்பிய புலி, மனிதர்களைக் கொல்ல ஆரம்பிக்கிறது. பல நாள் அலைந்தும் ஆண்டர்சனால் அதை நெருங்க முடியவில்லை. கடைசியில் ஒரு நாள், அந்தப் பெண் புலி மறுபடியும் ஜோடி தேடிக் குரல் கொடுப்பதைக் கேட்கிறார். ஆண் புலியைப்போல இவர் பதில் குரல் கொடுக்கிறார். அது நம்பி வருகிறது. சுடுகிறார்.

மக்களை நடுங்கவைத்த ஆட்கொல்லி செத்தது. கொண்டாட வேண்டிய வெற்றி. ஆனால், அந்த வெற்றி தனக்கு முழுத் திருப்தியைத் தரவில்லை என்று ஆண்டர்சனே ஒப்புக்கொள்கிறார். ஜோடி தேடி வந்த விலங்கை அப்படி ஏமாற்றிக் கொன்றது நேர்மையான ஆட்டமாக அவருக்குப் படவில்லை.

பதில் குரல் நெருங்கி வரும்போது மனித மனம் எப்படி எகிறும் என்பது அந்த மனிதருக்குத் தெரியாததல்ல. அவரையே உறுத்தியது அந்தக் குரலின் பின்னால் இருந்த பொய்.

காட்டுக்கோழி என்ற கில்லாடி

இப்போது நம் மலைக்கு வருவோம். சாம்பல் காட்டுக்கோழி உலகத்திலேயே இந்தியாவில் மட்டும்தான் இயற்கையாக வாழ்கிறது. அதுவும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும். இதன் அறிவியல் பெயரில் இருக்கும் 'சொன்னெராட்', 18-ம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பக்கம் வந்துபோன பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னெராவைக் குறிக்கிறது.

சேவலின் கழுத்து இறகுகள்தான் இதன் அழகு. ஒவ்வொரு இறகின் நுனியிலும் மெழுகைச் சொட்டு வைத்ததுபோல வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். இந்த இறகே அதற்கு எமனாகவும் ஆனது. பிரிட்டனில் சால்மன் மீன் பிடிக்கும் தூண்டிலில் பூச்சிபோலக் கட்டும் பொய் இரைக்கு இந்த இறகு மிகவும் பிடித்தமானது. அதற்காகவே தென்னிந்தியக் காடுகளிலிருந்து காட்டுக்கோழித் தோல்கள் கப்பல் ஏறின. பிற்பாடு இந்தியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

இன்னொரு தகவல், சமையலறை வரை வருகிறது. வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால், பல வீட்டுக்கோழிகளுக்கு இருக்கும் மஞ்சள் நிறத் தோலும் காலும் எங்கிருந்து வந்தன? 2008-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, அந்த மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று காட்டியது. கறிக்கடையில் தொங்கும் கோழியின் மஞ்சள் கால், ஒரு வகையில் நம் மலைக்காட்டின் முகவரி.

சேர்வராயன் மலையில் இதற்கு வசதிகள் அதிகம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அதன்பிறகு மலையின் பெரும்பகுதி காபித் தோட்டமானது. ஆனால், காபிக்கு நிழல் வேண்டும் என்பதால் மரங்கள் நின்றன. சில்வர் ஓக், பலா, அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, கீழே சருகு மெத்தை. சருகைக் கிளறிப் பூச்சியும் விதையும் தின்னும் கோழிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் கண்ணில் படுவது சுலபமில்லை. விடிந்து கொஞ்ச நேரம், அந்தி சாய்வதற்கு முன்பு கொஞ்ச நேரம், தோட்டத்துப் பாதை ஓரத்துக்கு வரும். ஆள் நிழல் தெரிந்தால், பறக்காமல் தலையைத் தாழ்த்தி ஓடிப் புதருக்குள் மறைந்துவிடும். இனப்பெருக்க காலம் முடிந்ததும் சேவல் தன் அழகான கழுத்து இறகை உதிர்த்துவிட்டு, கூவலையும் குறைத்துக்கொள்ளும். ஆகவே, அதைக் கேட்பதற்கும் பார்ப்பதற்கும் ஏற்ற காலம் இந்தக் கோடைதான். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலமும் இதுதான்.

இரண்டு நாடு, இரண்டு வழி

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வான்கோழி அழிவின் விளிம்பில் இருந்தது. காடு வெட்டப்பட்டது, கணக்கில்லாமல் சுட்டார்கள். 1930-களில் சுமார் 2 லட்சம்தான் மிச்சம். அங்கே அவர்கள் வேட்டையை ஒழிக்கவில்லை, கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்குமான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் சட்டம் 1937-ல் வந்தது. லைசென்ஸ் கட்டணமும் சேர்ந்தது. காட்டில் மிச்சமிருந்த பறவைகளை வலைவீசிப் பிடித்து, அற்றுப்போன இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அங்கே சுமார் 60 லட்சம் காட்டு வான்கோழிகள். ஆனாலும், சில தென் மாநிலங்களில் எண்ணிக்கை மீண்டும் சரிவதால், வேட்டை நாட்களையும் வரம்பையும் குறைத்திருக்கிறார்கள்.

இந்தியா வேறு வழியில் போனது. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட, ஆரம்பத்தில் சில விலங்கு, பறவைகளை லைசென்ஸ் வாங்கி வேட்டையாட இடம் இருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அந்தக் கதவையும் மூடியது. பொழுதுபோக்கு வேட்டை என்பதே இன்று இந்தியாவில் கிடையாது.

சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது பலருக்குத் தெரியாது. சுடுவது மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டை. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டைதான். 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பொதுவான குற்றங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் உயிரினம் என்றால், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

ஆனாலும் வேட்டை முழுதாக நின்றுவிடவில்லை. சேலம் மாவட்ட மலைகளில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபடும் செய்தி அவ்வப்போது வருகிறது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய், முயலுக்கும் கோழிக்கும் வைக்கும் சுருக்குக் கம்பி எல்லாம் இன்னும் இருக்கின்றன. வாழப்பாடி சுற்றுவட்டாரத்தில் பொங்கல் நேரத்தில் வங்காநரியை வலைவைத்துப் பிடித்து, ஊருக்குள் ஓடவிட்டு, பிறகு காட்டில் விடும் 'வங்காநரி ஜல்லிக்கட்டு' நெடுங்கால வழக்கம். நரி முகத்தில் விழித்தால் நல்லது என்ற நம்பிக்கை. வனத்துறை ஒவ்வொரு பொங்கலுக்கும் எச்சரிக்கிறது, பிடித்தவர்களுக்கு அபராதமும் போடுகிறது.

இந்த விஷயத்தில் மனிதர்களை வெறும் குற்றவாளிகளாகப் பார்த்தால் பாதிதான் புரியும். ஊரே சேர்ந்து காட்டுக்குள் போவதும், எதிர்பார்ப்பும், கிடைத்ததும் எழும் ஆரவாரமும் பண்டிகையின் ஒரு பாகமாகவே இருந்திருக்கின்றன. அந்தப் பரவசத்துக்கு வேறு ஒரு வடிகால் கிடைக்க வேண்டும்.

அப்படி ஒன்று இப்போது இருக்கிறது. அதே பொங்கல் விடுமுறையில், நான்கு நாட்கள், தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த, கேட்ட பறவைகளை எண்ணி, 'இ-பேர்ட்' தளத்தில் பதிவுசெய்தால் போதும். பள்ளிப் பிள்ளைகளும் கலந்துகொள்ளலாம்.

உங்கள் பாக்கெட்டில் ஒரு 'பார்வை'

துப்பாக்கியை விட்டாயிற்று, இனி கேமராவும் போனும்தான் என்றால், எல்லாம் சரியாகிவிட்டதா? அங்கேதான் இன்னொரு கண்ணி இருக்கிறது.

இன்று போனில் தேடினால் காட்டுக்கோழியின் குரல் சில நொடிகளில் கிடைக்கும். ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தால், தோட்டத்துக்குள்ளிருக்கும் சேவல் பதறிப்போய் பதில் கொடுக்கும். 'என் இடத்துக்குள் எவன் வந்தது?' என்று தேடி வெளியே வரலாம். அருமையான போட்டோ கிடைக்கும். ரீல்ஸுக்கு லைக்கும் குவியும். பறவைக்கு எந்த அடியும் படவில்லையே, என்ன தப்பு?

அந்தச் சேவலின் காலைப்பொழுதை யோசித்துப் பாருங்கள். இரை தேடவும், ஜோடி சேரவும், எதிரிகளைக் கவனிக்கவும் அதற்கு இருப்பது கொஞ்ச நேரம். இல்லாத போட்டியாளனைத் தேடி அது மறைவிடத்தைவிட்டு வெளியே வருகிறது. வல்லூறும் காட்டுப்பூனையும் இருக்கும் இடத்தில் அந்த வெளிச்சம் ஆபத்து. ஒருவர் ஒருநாள் செய்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று தோன்றலாம். ஆனால் சீசனில் ஒரே வியூபாயின்ட் ஓரத்தில், தினமும் பத்துப் பேர் அதையே செய்தால்? கூவிக் கூவி அலுத்து, அந்த இடத்தையே அது கைவிடக்கூடும்.

கூண்டுக் கௌதாரி, மரப்பெட்டி, ஆண்டர்சனின் தொண்டை, போன் ஸ்பீக்கர் எல்லாமே ஒரே வித்தைதான். துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதால் மட்டும் அந்த ஏமாற்று நியாயமாகிவிடாது. ஆட்கொல்லிப் புலி விஷயத்திலேயே ஒரு வேட்டைக்காரருக்கு உறுத்தியது. ஒரு பாவமும் செய்யாத காட்டுக்கோழி விஷயத்தில் நமக்கும் கொஞ்சம் உறுத்தலாம்.

அப்படியென்றால் எப்படிப் பார்ப்பது?

வான்கோழி வேட்டைக்காரரிடமிருந்து துப்பாக்கியையும் பொய்க்குரலையும் கழித்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம்.

* முதல் நாளே கேளுங்கள்: மாலையில் எந்தச் சரிவிலிருந்து கூவல் வருகிறது என்று கவனியுங்கள். காட்டுக்கோழியும் மரத்தில்தான் இரவைக் கழிக்கும். மறுநாள் காலையில் பெரும்பாலும் அதே பக்கம்தான் கூவும்.

* விடிவதற்கு முன் இடத்தில் இருங்கள்: பறவை கீழே இறங்கிய பிறகு நீங்கள் நடந்தால், அதற்குத்தான் உங்களை முதலில் தெரியும். பொதுச் சாலை ஓரத்திலோ, தங்கியிருக்கும் விடுதி வளாகத்திலோ உட்காருங்கள். அனுமதி இல்லாமல் எஸ்டேட்டுக்குள்ளும் காப்புக்காட்டுக்குள்ளும் நுழையாதீர்கள். ஏற்காட்டில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. இருட்டில் தனியாகப் போவது வேண்டாம்.

* உடையும் அசைவும்: மங்கலான நிறத்தில் உடுத்துங்கள். மரத்திலோ சுவரிலோ முதுகைச் சாய்த்து உட்காருங்கள். 20 நிமிடமாவது அசையாமல் இருங்கள். பிள்ளைகளுக்கு இதை ஒரு போட்டியாகவே வைக்கலாம்.

* போன் கேட்கட்டும், பேச வேண்டாம்: 'மெர்லின்' போன்ற செயலிகள் குரலைக் கேட்டே பறவையை அடையாளம் காட்ட முயலும். பதிவுசெய்யுங்கள். ஆனால், பதிவை ஸ்பீக்கரில் திருப்பிப் போடாதீர்கள்.

* கூடு தெரிந்தால் விலகுங்கள்: தரையில் சருகுக்கு நடுவேதான் இது முட்டையிடும். படம் எடுப்பதற்காக இலையை ஒதுக்கினால்கூட, எதிரிக்கு வழிகாட்டியதாகிவிடும். கூடு இருக்கும் இடத்தைச் சமூக வலைதளத்தில் போடவே வேண்டாம்.

* சுருக்குக் கம்பி கண்ணில் பட்டால்: போட்டோவும் இடமும் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். நீங்களே கழற்றப்போக வேண்டாம்.

இத்தனை செய்தும் பறவை வராமல் போகலாம். வான்கோழிக்காரர்களுக்கும் பாதி நாள் அப்படித்தான். ஆனால், வரும் நாள் என்று ஒன்று உண்டு. முதலில் கூவல் நிற்கும். சருகு சரசரக்கும். காபிச் செடிகளின் அடியில் சாம்பல் நிறமாக ஏதோ அசையும். சிவப்புக் கொண்டை, பிறகு புள்ளி வைத்த அந்தக் கழுத்து. நீங்கள் மூச்சைப் பிடித்திருப்பீர்கள். அது ஒரு காலைத் தூக்கி, தலையைச் சாய்த்து, சுற்றிப் பார்க்கும். யாரும் கூப்பிடாமல், தன் வேலையாக, தானாக வந்த பறவை.

அமெரிக்கக் காட்டில் அந்த நொடிக்கு அடுத்து ஒரு வெடிச் சத்தம் கேட்கும். ஏற்காட்டில் அது இறக்கையைப் படபடவென்று அடித்துவிட்டு, இன்னொரு முறை கூவும். எதிர்ச்சரிவிலிருந்து பதில் வரும். இந்த முறை அது நிஜமான பதில்.